புது விதி வந்தால் நான் முதலில் பார்ப்பது

கிளப் அளவிலான கார் பந்தயங்களில் பல சீசன்களாக வாகனச் சோதனை செய்து வருகிறேன். பந்தய வட்டாரத்தில் ஸ்க்ரூட்டினி என்போம். காலையில் வண்டிகள் வரிசையில் வரும். பெல்ட், ஹெல்மெட், ரோல் கேஜ், எடை, தரையிலிருந்து உயரம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவோம். பந்தயம் முடிந்ததும் முதலில் வந்த வண்டிகளை ஒதுக்கி நிறுத்தி மறுபடியும் பார்ப்போம். இந்த வேலையில் இருப்பவனுக்கு விதிப்புத்தகம் தினசரிக் கருவி மாதிரி. அதனால் விதி மாறினால் பந்தயத்துக்கும் உயிருக்கும் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

சீசன் தொடக்கத்தில் புதுப் புத்தகம் வந்ததும் ஓட்டுபவர்கள் தேடுவது, நம்ம வண்டிக்கு இதனால் லாபமா நஷ்டமா என்று. நான் தேடுவது வேறு. இந்த விதியை யார் அளக்கப்போகிறார், எங்கே வைத்து அளக்கப்போகிறார், அந்த நேரத்தில் வண்டி எந்த நிலையில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் புத்தகத்தில் தெளிவான பதில் இல்லையென்றால் அந்த விதி சீக்கிரமே தகராறில் முடியும் என்று எடுத்துக்கொள்ளலாம். பதில் இருந்து, ஆனால் ஆபத்து நடக்கிற இடத்துக்கும் அளக்கிற இடத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால், அது தகராறைவிட மோசம். விதி எழுதியவர் குறைக்க நினைத்த ஆபத்து வேறு உருவத்தில் திரும்பி வரும்.

உயரத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே குறைந்தது இத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பல போட்டிகளில் இருக்கும் விதி. சமதளமான ஒரு மேடையில் வண்டியை ஏற்றி, குறித்த உயரமுள்ள ஒரு அலுமினியக் கட்டையை அடியில் தள்ளுவோம். கட்டை உரசாமல் மறுபக்கம் வந்துவிட்டால் பாஸ். ஒரு முறை ஒரு வண்டிக்கு அடியில் கட்டை வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் குனிந்து பார்த்தால் அடித்தகட்டின் முன்விளிம்பு முழுக்கப் புதுக் கீறல்கள். பெயின்ட் போய் உலோகம் பளபளவென்று தெரிந்தது, ஓரத்தில் தார் தூள்கூட ஒட்டியிருந்தது. நிற்கும்போது சட்டப்படி உயரமாக இருக்கும் வண்டி, ஓடும்போது தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். மெக்கானிக்கைப் பார்த்தேன். "அண்ணா, நிக்கும்போது சரியாத்தானே இருக்கு?" என்றார். அவர் சொன்னது உண்மை. விதியில் இருந்ததும் அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியை ஃபார்முலா ஒன் 1981-லேயே சந்தித்தது. அப்போது கார்களின் அடியில் காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டவைக்கும் கிரவுண்ட் எஃபெக்ட் வடிவமைப்பு உச்சத்தில் இருந்தது. பக்கவாட்டில் தரையைத் தொட்டுக்கொண்டே நகரும் ஸ்கர்ட்டுகள் அந்த உறிஞ்சலை அடைத்து வைத்தன. ஸ்கர்ட் ஒரு மேட்டில் சிக்கினாலோ உடைந்தாலோ பிடிமானம் ஒரே நொடியில் போய்விடும். அதனால் நகரும் ஸ்கர்ட்டுகளைத் தடை செய்து, தரையிலிருந்து 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. நோக்கம் சரி. ஆனால் அளந்தது பிட்டில், அதாவது டிராக் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் இடத்தில், நிற்கும் வண்டியை.

பிராபம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி என்ன செய்தார் தெரியுமா? காற்றின் அழுத்தமே காரைக் கீழே அமுக்கும்படி திரவமும் வாயுவும் சேர்ந்து இயங்கும் ஒரு ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் வைத்தார். வேகம் எடுத்தால் கார் மெல்ல அமுங்கும். உள்ளே திரவம் மிகச் சிறிய துளை வழியாகத்தான் போய்வர முடியும் என்பதால் மூலைகளில், அதாவது வளைவுகளில், வேகம் குறைந்தாலும் உடனே எழும்பாது. பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பி வரும் சுற்றில் எழும்பிவிடும். பிட்டுக்கு வரும்போது 6 சென்டிமீட்டர் இருக்கும். அந்த ஆண்டு நெல்சன் பிகே அந்தக் காரில் சாம்பியன் ஆனார்.

மற்ற அணிகள் சும்மா இருக்குமா? ஓட்டுநர் ஒரு சுவிட்சைத் தட்டினால் இறங்கும், மறுபடி தட்டினால் ஏறும் அமைப்புகள் வந்தன. இறங்கிய காரில் ஸ்பிரிங்குக்கு வேலையே கிடையாது, அவ்வளவு இறுக்கம். மேடு பள்ளம் எல்லாம் நேராக ஓட்டுநரின் முதுகெலும்பில் இறங்கின. வேகம் குறையவில்லை, பாதுகாப்பு கூடவில்லை, ஓட்டுவது மட்டும் கொடுமையாகிவிட்டது. 1983-இல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகுதான் அந்தக் கதை முடிந்தது. தட்டையா இல்லையா என்பதை நிற்கும் காரிலேயே பார்க்கலாம், ஓடும்போதும் அது மாறாது. முந்தைய விதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

என்னை ரொம்பக் கவர்ந்த விதி அதற்குப் பின்னால் வந்தது. 1994-இல் இமோலா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஏப்ரல் 30 சனிக்கிழமை ரோலண்ட் ராட்சன்பெர்கரும் மே 1 ஞாயிற்றுக்கிழமை அயர்ட்டன் சென்னாவும் இறந்தார்கள். அதன் பிறகு சீசன் நடுவிலேயே வந்த மாற்றங்களில் ஒன்று, காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மரப் பலகையைப் பொருத்துவது. ஜெர்மன் கிராண்ட் பிரியில் இருந்து கட்டாயமானது. கார் தாழ்வாக ஓடினால் பலகை தேயும். பந்தயம் முடிந்து தடிமனை அளந்தால், ஓடும்போது கார் எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். நிற்கும் காரில் அளந்தாலும், அளக்கப்படுவது ஓடின காரை! பலகை வந்து ஒரு மாதத்துக்குள் பெல்ஜியத்தில் முதலில் வந்த மைக்கேல் ஷூமாக்கர் அதனால் தகுதி இழந்தார். 2023-இல் ஆஸ்டினில் இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டனும் ஆறாவதாக வந்த சார்ல் லெக்லெர்க்கும் இழந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடமாக ஒரு பலகை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நான் பார்த்த அந்தக் கீறல் விழுந்த வண்டிக்கு நாங்கள் தண்டனை கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அடுத்த சீசனுக்கு விதியில் ஒரு வரி சேர்த்தோம்: அடித்தகட்டில் குறிப்பிட்ட இடங்களில் சிறிய தேய்மானத் துண்டுகள் பொருத்தியிருக்க வேண்டும், பந்தயம் முடிந்த பிறகு அவற்றில் இவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும். செலவு பெரிதாக இல்லை. அப்புறம் உயரத்தைப் பற்றி எங்கள் மேடையில் வாக்குவாதம் வந்ததே இல்லை. சிறிய தொடர்களுக்கு விதி எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்ல விரும்புவது இதுதான்: முடிந்த இடத்தில் எல்லாம் தேய்மானத்தை அளக்கப் பாருங்கள்.

நிற்கும் நிலையில் எல்லாம் சரியாக இருப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ராலி கார் பந்தயத்தில் ஒரு உதாரணம் உண்டு. 1995-இல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் டொயோட்டா அணி டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வளையத்தில் ஒரு வேலை செய்திருந்தது. கிளாம்ப்பை இறுக்கிப் பொருத்தினால் உள்ளே வளையம் சற்று நகர்ந்து பக்கவாட்டில் கூடுதல் காற்று போக வழி திறக்கும். சோதனைக்காகக் கழற்றினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கழற்றிப் பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் விதிப்படி இருக்கும். பிடிபட்டதும் ஓராண்டுத் தடை. இதைக் கேள்விப்பட்ட பிறகு நான் எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் பொருத்திய நிலையில் ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

வேகத்தைக் குறைக்கப் போடும் விதிகள் ஒரு தனி ரகம். வேகம் குறைந்தால் ஆபத்து குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வேகம்? நேர்ப்பாதையிலா, மூலையிலா? அதைச் சொல்லாத விதி திசைமாறிப் போகும்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2007-இல் மோட்டோஜிபி எஞ்சின்களை 990 சிசியில் இருந்து 800-க்குக் குறைத்தார்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தத்தான். எஞ்சின் சிறிதானதும் பொறியாளர்கள் மூலைகளில் வேகத்தைத் தக்கவைக்கும் வகையில் வண்டியை மாற்றினார்கள். பைக்கை சாய்த்து, சறுக்காமல், எலக்ட்ரானிக்ஸ் உதவியோடு ஒரே கோட்டில் ஓட்டுவதுதான் வேகமான வழி என்று ஆயிற்று. பெரும்பாலும் விழுவது மூலையில்தான், அங்கே வேகம் கூடியது. எல்லாரும் அதே கோட்டில் போனதால் முந்துவதற்கான வாய்ப்பும் சுருங்கியது. 2012-இல் 1000 சிசி வந்தது. ஒரு விதி பாதுகாப்புக்கும் போட்டிக்கும் ஒரே நேரத்தில் எதிராகப் போன கதை இது.

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். 1987-இல் டலடேகா டிராக்கில் பாபி ஆலிசனின் கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் பக்க வேலியைக் கிழித்தது. அந்த வேகத்தில் கார் கூட்டத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் நடுங்கினார்கள். அடுத்த ஆண்டில் இருந்து டேடோனா, டலடேகா இரண்டிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமானது. வேகம் குறைந்தது, வேலியைத் தாண்டும் அபாயம் குறைந்தது. ஆனால் எல்லாருடைய சக்தியும் ஒரே அளவாகிவிட்டதால் யாராலும் பிரிந்து போக முடியவில்லை. முப்பது நாற்பது கார்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கூட்டமாக ஓடின. ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் மோதினார்கள். அதை அங்கே ‘பெரிய விபத்து’ என்றே பெயர் வைத்து எதிர்பார்க்கிறார்கள்.

அந்தத் தகடு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பார்வையாளரைக் காப்பது முதல் கடமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் ஒரு ஆபத்தை எடுத்து இன்னொரு ஆபத்தை வைத்திருக்கிறோம் என்பதை விதி போடும்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டாவது ஆபத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டும். நாஸ்கார் பின்னாளில் கூரையில் எழும்பும் மடல்களையும் சுவரில் அதிர்வை வாங்கும் தடுப்புகளையும் கொண்டுவந்தது. அப்படிப் பக்கத்துணை வந்த பிறகுதான் முதல் விதி முழுமையானது.

எங்கள் தொடரிலும் இதன் சின்ன வடிவம் நடந்தது. எல்லாரும் ஒரே டயர், அதுவும் முன்பைவிடக் கடினமான டயர் என்று ஒரு ஆண்டு விதி மாறியது. செலவு குறையும், மூலையில் வேகம் குறையும் என்பது கணக்கு. செலவு நிஜமாகவே குறைந்தது, சிறிய அணிகள் நிம்மதியாக மூச்சு விட்டன. ஆனால் கடின டயர் சூடாக நேரம் எடுக்கும். முதல் சுற்றில், குளிர்ந்த டயரோடு, முழுக் கூட்டமும் முதல் மூலைக்கு பிரேக் போடுகிறது. பழைய டயரில் நின்ற இடத்தில் இப்போது வண்டி நிற்கவில்லை. சீசன் தொடக்கத்தில் முதல் மூலை மோதல்கள் கண்ணுக்குத் தெரியும்படி கூடின. டயரை மாற்றவில்லை. பந்தயம் தொடங்கும் முன் வண்டிகள் வரிசையாகப் போகும் ஃபார்மேஷன் சுற்றின் வேகத்தைக் கூட்டி டயர் சூடாக வாய்ப்புக் கொடுத்தோம், தொடக்க வரிசையில் வண்டிகளுக்கு இடையே தூரத்தை அதிகப்படுத்தினோம். அதோடு அடங்கியது. புது டயர் விதி வந்தால் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது: லேப் நேரத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படுங்கள், குளிர்ந்த டயரில் எங்கே நிற்கும் என்பதை முதலில் பயிற்சியில் கண்டுபிடியுங்கள்.

பாதுகாப்புச் சாதனங்களின் கதை வேறு. ஒரு சாதனம் எல்லார் வண்டியிலும் ஒரே மாதிரி, ஒரே எடையில், ஒரே தொந்தரவோடு இருந்தால் அதை ஏமாற்றுவதில் யாருக்கும் லாபம் இல்லை. முதலில் சத்தம் போடுவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். கழுத்தையும் தலையையும் தாங்கும் ஹான்ஸ் அமைப்பை அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பர்டும் ஜிம் டௌனிங்கும் 1980-களிலேயே உருவாக்கிவிட்டார்கள். பல ஓட்டுநர்கள் இறுக்கமாக இருக்கிறது, தலையைத் திருப்ப முடியவில்லை என்று ஒதுக்கினார்கள். விருப்பம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்த காலம் அது. 2001 பிப்ரவரியில் டேடோனாவில் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மோதி இறந்தார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே நாஸ்கார் தலை-கழுத்துத் தாங்கியைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன்னில் 2003-இல் வந்தது. விருப்பத்துக்கு விடப்பட்ட பாதுகாப்பில் போட்டி மனசு எப்போதும் தள்ளிப்போடும். பக்கத்து வண்டிக்காரர் போடாதபோது நான் மட்டும் ஏன் அசௌகரியப்பட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். எல்லாருக்கும் ஒரே நாளில் கட்டாயம் என்றால் அந்தக் கேள்வியே எழாது.

ஓட்டுநரின் தலையைக் காக்க காக்பிட்டுக்கு மேல் வளைந்து நிற்கும் ஹேலோ சட்டமும் அப்படித்தான். 2018-இல் ஃபார்முலா ஒன்னில் வந்தபோது அழகைக் கெடுக்கிறது, பார்வையை மறைக்கிறது, திறந்த காக்பிட் பந்தயத்தின் உயிரே போச்சு என்றெல்லாம் பேச்சு. எதிர்த்தவர்களில் ரொமெய்ன் குரோஜான் ஒருவர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் அவருடைய கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பை மோதி இரண்டாகப் பிளந்தது. தடுப்பைக் கிழித்துக்கொண்டு காக்பிட் உள்ளே போனது, தீப்பிடித்தது. 28 நொடி கழித்து அவர் தானே வெளியே வந்தார். தடுப்பின் தகடுகள் தலைக்கு வராமல் பிளந்து விலக்கியது ஹேலோ. ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பியது ஹேலோ மட்டும் இல்லை. ஹான்ஸ், வலுவான காக்பிட், நெருப்பைத் தாங்கும் உடை, முதல் சுற்றில் பின்னாலேயே வரும் மருத்துவக் கார் என்று தனித்தனியாகப் பல ஆண்டுகளில் வந்த விதிகள் எல்லாம் அந்த 28 நொடியில் ஒன்றாக வேலை செய்தன. இதில் ஏதாவது ஒன்றை ஏதோ ஒரு ஆண்டு செலவு காரணமாகத் தள்ளிப்போட்டிருந்தால் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

செலவு என்றதும் பெல்ட் ஞாபகம் வருகிறது. பந்தய பெல்ட்டில் இந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று ஒரு சிறு லேபிள் தைத்திருக்கும். சர்வதேசத் தரத்தில் தயாரித்த பெல்ட்டுகளுக்கு ஏறக்குறைய 5 ஆண்டுகள்தான் ஆயுள். கிளப் பந்தயக்காரர்களுக்கு இந்த விதிமேல் தீராத கோபம். "சார், ஒரு தடவைகூட மோதினது இல்லை, புதுசு மாதிரி இருக்கு" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவரின் தோள் பெல்ட்டை அவர் கண் முன்னாலேயே அட்ஜஸ்டர் வழியாக முழுவதும் இழுத்துக் காட்டினேன். எப்போதும் அட்ஜஸ்டருக்குள்ளும் சீட்டுக்குப் பின்னாலும் மறைந்து கிடக்கும் பகுதி அடர் சிவப்பு. வெயில் படும் பகுதி வெளிறிய இளஞ்சிவப்பு, விரலால் தடவினால் விளிம்பில் நூல் முனைகள் சொரசொரவென்று தட்டுப்பட்டன. இரண்டும் ஒரே நாளில் நெய்த ஒரே துணி. வெயில் இழையைப் பலவீனமாக்கும். எவ்வளவு பலவீனம் என்று பார்த்தோ இழுத்தோ என்னால் சொல்ல முடியாது. அளக்க முடியாத ஒன்றுக்குத் தேதிதான் ஒரே அளவுகோல். அவர் ஒன்றும் பேசவில்லை, அடுத்த பந்தயத்துக்குப் புது பெல்ட்டோடு வந்தார்.

பெல்ட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் பல மாதம் கிடந்த பெல்ட்டிலும் லேபிளில் இருக்கும் ஆண்டு மாறாது. தள்ளுபடி என்று வாங்கினால் ஓரிரு சீசன் ஆயுள் ஏற்கெனவே போயிருக்கும். ஹான்ஸ் போடுபவர்கள் தோள் பட்டை சீட்டில் இருந்து பின்னால் கிடைமட்டமாகவோ சற்றே கீழ்நோக்கியோ போகிறதா என்று பாருங்கள். தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அமுக்கும். பெல்ட் புதிது, ஹான்ஸ் புதிது, பொருத்தின இடம் தப்பு என்று வரும் வண்டிகளை ஒவ்வொரு சீசனும் பார்க்கிறேன்.

எடை பற்றிய விதியில் பாதுகாப்பும் போட்டியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை நன்றாகப் பார்க்கலாம். காரும் ஓட்டுநரும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை என்று இருந்தால், ஓட்டுநர் எவ்வளவு மெலிகிறாரோ அவ்வளவு பாலாஸ்ட் எடையை, அதாவது குறையை ஈடுகட்டும் எடையை, காரின் அடியில் வேண்டிய இடத்தில் வைக்கலாம். அதனால் உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தார்கள். தண்ணீர்கூடக் குறைத்து மணிக்கணக்கில் வெப்பத்தில் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து! 2019-இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரையும் சீட்டையும் தனியாக 80 கிலோ என்று வைத்தது. குறைவாக இருந்தால் மிச்ச எடையை சீட்டுப் பகுதியிலேயே வைக்க வேண்டும், வேறெங்கும் கூடாது. மெலிவதில் லாபம் இல்லை என்றானதும் மெலிவது நின்றது. ஒருவரையும் கண்காணிக்கத் தேவைப்படவில்லை. நான் பார்த்த விதிகளில் இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவை குறைவு.

இதற்கு நேரெதிர், போட்டியைச் சுவாரசியமாக்க வந்து பாதுகாப்பில் கை வைத்த விதிகள். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர் என்று விதி. நூர்பர்கிரிங்கில் முன்னணியில் இருந்த கிமி ரைக்கோனனின் டயர் பிரேக்கிங்கில் தட்டையாகத் தேய்ந்து, சக்கரம் கண்ணுக்குத் தெரியும்படி அதிர ஆரம்பித்தது. மாற்றினால் வெற்றி போகும். மாற்றவில்லை, கடைசிச் சுற்றில் சஸ்பென்ஷன் முறிந்தது. சில வாரங்களில் இண்டியானாபொலிஸில், மிஷலின் டயர்கள் அந்தச் சாய்வு மூலையைத் தாங்காது என்று தெரிந்து 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்றோடு விலகின. 6 கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. அடுத்த ஆண்டே டயர் மாற்றம் திரும்பி வந்தது. பாதுகாப்பான முடிவை எடுப்பவர் தோற்றுப்போவார் என்ற நிலையை ஒரு விதி உண்டாக்கினால், அது எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

1994-இல் பந்தய நடுவே எரிபொருள் நிரப்புவதைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே ரகம். அந்த ஆண்டே ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் கார் பிட்டில் தீப்பிழம்பானது. காரில் இருந்த ஒருவரோடு சுற்றி நின்ற மெக்கானிக்குகளும் சேர்ந்து எரிய இருந்தார்கள். 2010-இல் அது நின்றது. எங்கள் தொடரில் ஒரு முறை இரண்டாவது பந்தயத்துக்குத் தலைகீழ் வரிசை, அதாவது முதல் பந்தயத்தில் முதலில் வந்தவர் பின்னால் இருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. பார்ப்பவர்களுக்கு விருந்துதான். ஆனால் அனுபவம் குறைந்தவர்கள் முன்னால், வேகமானவர்கள் பின்னால் என்றால் முதல் சுற்றிலேயே எல்லாரும் எல்லாரையும் முந்தியாக வேண்டும். முழு வரிசையும் வேண்டாம், முதல் சில இடங்களை மட்டும் புரட்டலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டத்தில், டிராக் ஓரத்தில் கொடி காட்டி உதவும் மார்ஷல்களின் தலைவரையும் உட்கார வைத்ததால்தான் அப்படி முடிந்தது என்பது என் எண்ணம்.

பெரிய விதி மாற்றம் போட்டியைக் கூட்டும் என்பது ரசிகர்களிடம் உள்ள நம்பிக்கை. நான் அதை நம்புவதில்லை. எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாக எழுதினால், முன்கூட்டியே சரியாக ஊகித்தவர் ஓடிவிடுவார். 2009-இல் பிரான் அணி காரின் பின்னடியில் கூடுதல் பிடிமானம் தரும் இரட்டை டிஃப்யூசரோடு வந்து முதல் 7 பந்தயங்களில் 6-ஐ ஜென்சன் பட்டன் வென்றார். 2014-இல் ஹைப்ரிட் எஞ்சின் வந்தது, மெர்சிடிஸ் 19-இல் 16. 2022-இல் கிரவுண்ட் எஃபெக்ட் திரும்ப வந்தது, அடுத்த ஆண்டு ரெட் புல் 22-இல் 21. அப்புறம் விதி பெரிதாக மாறாமல் இருந்த 2024-இல் 7 வெவ்வேறு ஓட்டுநர்கள் வென்றார்கள், 1998-க்குப் பிறகு முதல் முறையாக மெக்லாரன் அணிகளுக்கான பட்டம் வாங்கியது. விதியை நிலையாக வைத்தால் பின்னால் இருப்பவர் மெல்ல மெல்ல எட்டிப் பிடிப்பார். 2021-இல் வந்த செலவு உச்சவரம்பும், முன்னால் இருப்பவருக்குக் காற்றியல் சோதனை நேரத்தைக் குறைத்துப் பின்னால் இருப்பவருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடும் அதற்குக் கைகொடுத்தன. அடிப்படைச் சோதனை அளவில் முதல் இடத்துக்கு 70 விழுக்காடு என்றால் பத்தாம் இடத்துக்கு 115 விழுக்காடு. காரைத் தொடாமல் போட்டியை மட்டும் தொடும் விதி. அதனால் பாதுகாப்பில் புது ஆபத்து எதுவும் முளைக்கவில்லை.

அதே 2022 மாற்றத்தில் பாதுகாப்புக்கும் ஒரு அதிர்ச்சி இருந்தது. நேர்ப்பாதையில் கார்கள் தவளை மாதிரி குதித்தன. பாகூவில் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரில் இருந்து இறங்கியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தாழ்வாக ஓட்டினால் வேகம், உயர்த்தினால் நிம்மதி. அணிகள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு (FIA) செங்குத்துக் குலுக்கலை ஓடும் காரிலேயே அளந்து வரம்பு வைத்தது, 2023-க்கு அடித்தகட்டின் விளிம்பை 15 மில்லிமீட்டர் உயர்த்தியது. 1981-இல் செய்யாததை இந்த முறை செய்தார்கள். சில அணிகள் இது எங்களுக்குப் பாதகம் என்று முணுமுணுத்தன. பாதுகாப்பு விதியை யார் எதிர்க்கிறார், யார் வரவேற்கிறார் என்று பார்க்கும்போது அவருடைய கார் எப்படி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஆதரிப்பவருக்கும் இது பொருந்தும்.

சிறிய தொடர்களில் சீசன் நடுவே விதி மாற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கான மாற்றம் என்றால் அடுத்த சீசன் வரை காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். பணம் உள்ளவர் மறுநாளே புதுப் பாகம் வாங்கிவிடுவார், இல்லாதவர் மிச்ச சீசனை வீட்டில் கழிப்பார். பாதுகாப்பு மாற்றம் என்றால் ஒரு பந்தயம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆனால் எதனால் இந்த மாற்றம், எப்படி அளப்போம், எது சரியாக இருந்தால் பாஸ் என்பதை அறிவிப்பிலேயே எழுதித் தர வேண்டும். ஓட்டுபவர்கள் பக்கமும் ஒன்று: விதியில் சந்தேகம் இருந்தால் சோதனை நாளன்று என்னிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள், முன்னதாக எழுதிக் கேட்டுப் பதிலை வண்டியில் வைத்திருங்கள். விதியில் அனுமதி என்று எழுதாதது எல்லாம் தடை என்பது பல தொடர்களின் அடிப்படை. தடை என்று எங்கே போட்டிருக்கிறது என்ற வாதம் அங்கே செல்லாது.

டிராக் ஓரத்தில் நிற்பவர்களை விதி கடைசியாகத்தான் நினைக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம். கழன்ற சக்கரம் ஓடிப்போகாமல் கயிற்றால் கட்டும் விதி 1990-களின் கடைசியில் வந்தது. அப்படியும் 2000-இல் மான்சாவிலும் 2001-இல் மெல்போர்னிலும் பறந்த சக்கரம் பட்டு ஒவ்வொரு மார்ஷல் இறந்தார்கள். கயிறு கட்டினால் போதாது, இன்ன வலுவான கயிறு என்று விதி வளர வேண்டியிருந்தது. 2014-இல் சுசுகாவில் ஜூல் பியாங்கி மோதியது, இன்னொரு காரைத் தூக்க வந்த வண்டியில். இரட்டை மஞ்சள் கொடி அசைந்துகொண்டுதான் இருந்தது. மஞ்சள் கொடிக்கு மெதுவாகப் போக வேண்டும் என்பது விதி, எவ்வளவு மெதுவாக என்பது ஓட்டுநரின் மனசாட்சி. அடுத்த ஆண்டு விர்ச்சுவல் சேஃப்டி கார் வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச நேரம் திரையில் ஓடும், அதைவிட வேகமாகப் போனால் தண்டனை. எல்லாரும் ஒரே அளவு மெதுவாகப் போவதால் யாரும் இடம் இழப்பதில்லை.

எங்கள் கார்களில் அந்த எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் கிடையாது. ஆனால் டைமிங் கருவியில் ஒவ்வொரு பகுதியின் நேரமும் பதிவாகிறது. மஞ்சள் கொடி இருந்த பகுதியில் அந்தச் சுற்று நேரம் அவருடைய வழக்கமான நேரத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சுற்று நேரம் ரத்து, பந்தயத்தில் என்றால் நேரத் தண்டனை என்று விதி போட்டோம். ஓட்டுநர் கூட்டத்தில் முந்தைய பந்தயத்தின் பதிவுகளைப் பெயரை மறைத்துத் திரையில் காட்டினோம். காலை ஆக்சிலரேட்டரில் இருந்து எடுத்ததாக உறுதியாக நம்பிய பலருடைய நேரத்தில் வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகு நடந்த பந்தயங்களில் மஞ்சள் கொடிப் பகுதிகளில் நேரம் கூடியது. மார்ஷல்கள் காரை நகர்த்த எடுக்கும் நேரமும் குறைந்துவிட்டது, திரும்பித் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்ய முடிகிறது என்றார்கள். செலவில்லாத இந்த விதியை நேரப்பதிவு உள்ள எந்தத் தொடரும் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.